தையில் அடித்த பெயின்ட் சித்திரையில் உரிவது ஏன்? ஒரு அறைக்கு நாமே வண்ணம் அடிக்கும் முன்...

மார்கழி பாதி தாண்டியதும் திருத்துறைப்பூண்டி பெயின்ட் கடைகளின் முன்னால் இருசக்கர வாகனங்கள் நெருக்கியடிக்கும். வண்டியின் முன்னால் பத்து லிட்டர் பக்கெட், பின்னால் ரோலர் கம்பைப் பிடித்தபடி பிளஸ் டூ படிக்கும் பையன். பெயின்டரிடம் கேட்டால் பொங்கல் வரை தேதி இல்லை என்பார். 'நாலு சுவர்தானே, நாமே அடிச்சுடலாம்' என்ற முடிவு பல வீடுகளில் அந்த வாரத்தில்தான் பிறக்கிறது. போகிக்காக அறையைக் காலி செய்தாயிற்று. பள்ளிக்கூடமும் விடுமுறை. இதைவிடத் தோதான நேரம் வேறு எது என்றுதான் தோன்றும்.

ஆனால் சுவருக்கு அது தோதான நேரம் இல்லை. காவிரிப் படுகையின் கடைமடைப் பகுதியில், வருடத்திலேயே சுவர் அதிகமாக ஈரம் குடித்திருப்பது அந்த வாரங்களில்தான். இங்கே மழை என்றால் வடகிழக்குப் பருவமழை. அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை வயலும் குளமும் கொல்லையும் நிறைந்து கிடக்கும். சில வருடம் ஜனவரியிலும் விடாது. 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டி டெல்டாவில் பெய்த மழையில், அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து தண்ணீரிலேயே முளைத்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வயல் காயாத ஊரில் செங்கல் சுவர் மட்டும் எப்படிக் காயும்?

தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோலத்தான் இருக்கும். மேல்பூச்சு ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். உள்ளே இருக்கும் செங்கல் காய மாதக்கணக்காகும். அந்த நிலையில் பட்டி வைத்து, பிரைமர் அடித்து, எமல்ஷனும் இரண்டு கை ஓட்டிவிட்டால் சுவருக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சட்டை போட்டது மாதிரி. பொங்கலுக்கு வந்த உறவினர்கள் 'நல்லா இருக்கே' என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். சித்திரை வெயில் சுவரைச் சுடும்போது உள்ளே இருந்த ஈரம் வெளியே வரத் துடிக்கும். வழி இல்லாததால் பெயின்டைத் தள்ளும். முதலில் சின்னச் சின்னக் கொப்புளம், பிறகு அப்பளம்போல் உப்பல், கடைசியில் உரிதல். வீட்டில் பழி பெயின்ட் கம்பெனிமேல் விழும், இல்லாவிட்டால் பிளஸ் டூ பையன்மேல். இரண்டு பேருமே பாவம்.

அப்படியானால், காலங்காலமாகப் பொங்கலுக்கு வெள்ளையடித்தார்களே, அது எப்படி நின்றது? அடித்தது சுண்ணாம்பு என்பதால்தான். கிளிஞ்சலையோ கல்லையோ சுட்டு, தண்ணீரில் நீற்றி, வடிகட்டி, கொஞ்சம் நீலம் கலந்து, மட்டையால் அடிப்பார்கள். அடித்தவுடன் தண்ணீர்போல் ஒன்றும் தெரியாது. காயக் காய வெளுக்கும். நீற்றிய சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்து மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறது. அந்தப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. சுவரின் ஈரம் அவற்றின் வழியே ஆவியாகிப் போய்விடும். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சையும் எளிதில் வளராது. கை வைத்தால் ஒட்டும், சட்டையில் படும், வருடா வருடம் அடிக்க வேண்டும் என்ற குறைகள் உண்டு. ஆனால் ஈரச் சுவரோடு சண்டை போடாது.

ஆக, பொங்கலுக்கு அடிக்கும் பழக்கம் சுண்ணாம்புக் காலத்தில் உருவானது. பொருள் மாறிவிட்டது; தேதி மட்டும் மாறவில்லை.

ஓதமா, உப்பா, ஒழுகலா?

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இருபது வருடத்துக்கு முன் கட்டிய காங்கிரீட் வீடு, ஒரு பக்கம் சந்து, பின்பக்கம் குளியலறை. இப்படி ஆயிரம் வீடுகள் இந்தப் பக்கம் இருக்கும். அறையில் கட்டிலை நகர்த்தியதும் சுவரின் அடியில் இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பெயின்ட் பொரிந்து, மாவு மாதிரி உதிர்ந்துகொண்டிருக்கும். அதன்மேல் வெள்ளையாகப் பஞ்சு பூத்திருக்கும். வீட்டில் எல்லோரும் அதைப் பூஞ்சை என்பார்கள். பெரும்பாலும் அது உப்பு.

வேதாரண்யம் உப்பளமும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் இந்த ஊருக்கு அக்கம்பக்கம்தான். கடலோரம் போகப் போக நிலத்தடி நீரில் உப்பு ஏறுகிறது. அஸ்திவாரம் அந்த நீரை விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல மேலே இழுக்கிறது. கட்டும்போது உப்புத் தண்ணீரிலோ உப்பு மணலிலோ சாந்து கலந்திருந்தால் சுவருக்குள்ளேயே உப்பு இருக்கும். தண்ணீர் சுவரின் மேற்பரப்புக்கு வந்து ஆவியாகும். உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகும். அந்தப் படிகம் வளரும்போது பூச்சையே பொரித்துத் தள்ளும். இதற்குமேல் எந்த வண்ணமும் நிற்காது.

அந்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதுதான் பலரும் செய்யும் தவறு. கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்வதைத் தாளில் பிடித்து வெளியே கொட்ட வேண்டும். ஒரு வாரம் விட்டுப் பார்த்தால் மறுபடியும் கொஞ்சம் பூக்கும். மறுபடியும் தேய்க்க வேண்டும். பூப்பது நின்றால்தான் அடுத்த வேலை.

ஈரம் இருக்கிறதா என்று பார்க்க மெஷின் எதுவும் வேண்டாம். ஒரு சதுர அடி கண்ணாடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டிவிட்டு, இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் போதும். தாளின் உள்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம், வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டிய விஷயம். அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, குளியலறைச் சுவரில் ஒன்று என்று மூன்று இடத்தில் ஒட்டினால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதும் ஓரளவு பிடிபடும்.

அடியிலிருந்து ஏறினால் ஓதம். கூரையை ஒட்டி மேலே இருந்து இறங்கினால் தளத்தில் ஒழுகல். சுவரின் நடுவில் மட்டும் திட்டாக இருந்தால் வெளிச்சுவர் வெடிப்போ, உள்ளே போகும் குழாயோ காரணமாக இருக்கலாம். காரணத்தைச் சரி செய்யாமல் உள்பக்கம் 'வாட்டர்ப்ரூஃப்' பெயின்டைப் பூசுவது இப்போது அதிகமாகிவிட்டது. உள்பக்கத்தை அடைத்தால் ஓதம் நின்றுவிடாது. அடைத்த இடத்துக்கு மேலே ஏறும். மூன்றடியில் இருந்த கறை ஐந்தடிக்குப் போனதைப் பார்த்த வீடுகள் நிறைய.

காரணம் பல சமயம் வீட்டுக்கு வெளியே, சில சமயம் தெருவில் இருக்கிறது. பழைய சாலையின்மேலேயே புதிய சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, வாசல் படி பள்ளமாகிவிட்ட வீடுகள் தமிழ்நாடு முழுக்க உண்டு. மழைத் தண்ணீர் சுவரை ஒட்டியே நிற்கும். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு அறிவுறுத்தினார். தங்கள் தெருவில் சாலை வேலை தொடங்கும் அன்று இதைக் கேட்கக் குடியிருப்பவர்களுக்கு முழு உரிமை உண்டு. போட்டு முடித்த பிறகு கேட்டுப் பயன் இல்லை. வீட்டு அளவில் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. சுவரை ஒட்டிக் குவித்த மண்ணையும் செடித் தொட்டிகளையும் நகர்த்தலாம். மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரடியில் கொட்டாமல் தள்ளிவிடலாம். சந்துப் பக்கத்துக்கு ஒரு சின்ன சிமென்ட் சரிவு போடலாம். ஒரு பக்கெட் பெயின்டைவிட இவற்றுக்குச் செலவு குறைவாகவே ஆகும்.

வெடிப்பு தனிக் கதை. கோடையில் வயல் பாளம் பாளமாக வெடிக்கும் அதே களிமண்மேல்தான் வீடும் நிற்கிறது. மழையில் மண் உப்பும், வெயிலில் சுருங்கும். சுவர் அதோடு கொஞ்சம் அசையும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் முடி மாதிரி வெடிப்புக்குப் பட்டி போதும். ஒரு ரூபாய் நாணயத்தின் ஓரம் உள்ளே போகிறது என்றால் கொத்தனாரைக் கூப்பிடுவது நல்லது. வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தால், அது நீள்கிறதா என்று ஒரே மழைக்காலத்தில் தெரிந்துவிடும். நீளும் வெடிப்பின்மேல் பட்டி வைப்பது வீண் வேலை.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. ஓடு பறந்து, ஜன்னல் பெயர்ந்து, மழை நேராகச் சுவருக்குள் இறங்கிய வீடுகள் திருத்துறைப்பூண்டியைச் சுற்றி எத்தனையோ. அவசரத்துக்குச் சிமென்ட் அப்பிய இடங்கள் இன்றும் பல சுவர்களில் உண்டு. பழைய சுண்ணாம்புப் பூச்சு ஒரு பக்கம், புதுச் சிமென்ட் பூச்சு ஒரு பக்கம் என்று இரண்டும் சேரும் இடத்தில்தான் பெயின்ட் முதலில் பிளக்கும். விரல் முட்டியால் தட்டினால் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் கேட்கும் இடத்தில் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பகுதியைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். புதுப் பூச்சு தண்ணீர் காட்டி முடிந்து, குறைந்தது ஒரு மாதமாவது காய்ந்த பிறகுதான் வண்ணம்.

அப்படியானால் எப்போது?

மாசிக் கடைசியிலிருந்து ஆனி வரை. டெல்டாக் குடும்பங்களுக்கு இது கையிருப்புக்கும் ஒத்துவரும். சம்பா அறுத்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் கணக்கில் ஏறுவதும் ஏறக்குறைய மாசிக்குள் முடிந்துவிடும். இன்னொரு சௌகரியமும் உண்டு. கதிரடிக்கும் நாட்களில் காற்றில் பறக்கும் சுணையும் வைக்கோல் தூசியும் ஈரப் பெயின்டில் ஒட்டினால் எடுக்கவே முடியாது. அறுவடை இயந்திரங்கள் ஊரைவிட்டுப் போன பிறகு அந்தத் தொல்லை இல்லை.

பொங்கலுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் நிற்பார்கள். ஏற்கெனவே சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தால் சுண்ணாம்பே அடிக்கலாம், தவறில்லை. எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது. அங்கே ஒட்டடை அடித்து, ஈரத்துணியால் துடைத்து, நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைப்பதோடு நிறுத்திக்கொண்டு, வண்ணத்தைப் பங்குனிக்குத் தள்ளிவைப்பதே புத்திசாலித்தனம். பாட்டிக்குக் கோபம் வரும். சித்திரையில் சுவர் உரிந்தால் வரும் கோபத்தைவிட அது குறைவுதான்.

சுரண்டும்போது குழந்தை எங்கே?

இந்த ஒரு பகுதியை மட்டும் வேகமாகத் தள்ளிவிட வேண்டாம்.

சுவரைவிட ஆபத்தானவை பழைய ஜன்னலும் கதவும் கம்பியும். அவற்றில் அடித்திருப்பது எனாமல். பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல்களில் முன்பெல்லாம் ஈயம் தாராளமாகச் சேர்ந்திருந்தது. வீட்டு உபயோகப் பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி கொண்டுவந்தது. அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1-ல். அதற்கு முன் அடித்த ஜன்னல் பெயின்டில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. இருக்கிறது என்றே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

உப்புத்தாளால் காய்ந்தபடியே தேய்த்தால் அந்த ஈயம் மாவாகிக் காற்றில் பறக்கும். தரையில் படியும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் பாதிக்கிறது. கர்ப்பிணியின் உடலில் சேர்ந்தால் வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும் போகும். காய்ச்சல், இருமல் என்று உடனே எதுவும் தெரியாது என்பதால்தான் யாரும் கவலைப்படுவதில்லை.

அதனால், சுரண்டும் நாட்களில் சின்னக் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அத்தை வீட்டுக்கோ அம்மா வீட்டுக்கோ அனுப்பிவிடுவது நல்லது. அறைக் கதவை மூடி, அடியில் ஈரத்துணி வைக்க வேண்டும். பழைய எனாமலைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, தண்ணீரில் பயன்படுத்தும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். நெருப்பு காட்டிப் பெயின்டை உரிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வீட்டுக்குள் அது கூடவே கூடாது. தரையில் பழைய பேப்பருக்குப் பதில் தார்ப்பாய் விரித்தால் உதிர்ந்ததை அப்படியே சுருட்டி எடுக்கலாம். விளக்குமாறால் பெருக்கினால் தூசி மறுபடியும் எழும், அதனால் ஈரத்துணியால் துடைப்பதே சரி. முகத்துக்குத் துணி கட்டினால் போதாது. மெல்லிய தூசியைத் தடுக்கும் என்95 மாஸ்க் வேண்டும். வேலை முடிந்ததும் அந்த உடையோடு சாப்பிட உட்காராமல், குளித்துவிட்டுத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். பழைய பெயின்ட் உரியாமல் கெட்டியாக இருக்கிறதா? சுரண்டவே வேண்டாம். நனைத்து லேசாகத் தேய்த்து, துடைத்து, அதன்மேலேயே புது எனாமல் அடித்துவிடலாம்.

புது டப்பா வாங்கும்போது ஈயம் பற்றிய குறிப்பு லேபிளில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். பெயர் தெரியாத மலிவு எனாமலை, அதுவும் குழந்தைகள் கடிக்கும் கட்டில், தொட்டில் கம்பிகளுக்கு வாங்குவதைத் தவிர்க்க வேண்டும்.

சுவரில் பழைய சுண்ணாம்பு இருந்தால் அதற்கும் ஒரு பரிசோதனை. உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தால் வெள்ளையாக ஒட்டுகிறதா? அந்த மாவுப் படலத்தின்மேல் எமல்ஷன் அடித்தால் மொத்தமாகத் தோல் மாதிரி உரிந்து வரும். நனைத்து, பட்டி பிளேடால் முழுக்கச் சுரண்டி எடுப்பது ஒரு வழி. எதற்கு வம்பு என்று சுண்ணாம்போடேயே இருந்துவிடுவது இன்னொரு வழி. ஓதம் நிற்காத அறைக்கு இரண்டாவதுதான் நல்லது. சுண்ணாம்பை வீட்டிலேயே நீற்றினால், தண்ணீரில் சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பக்கத்தில் போக வேண்டும். பட்டுவிட்டால் உடனே நிறைய தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இனி வண்ணம்

இவ்வளவும் முடிந்தால் பெயின்ட் அடிப்பது உண்மையிலேயே சுலபம். ஒரு குடும்பம் சனி, ஞாயிறில் முடித்துவிடலாம்.

முதலில் கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் நான்கு சுவரும் 440 சதுர அடி. ஒரு கதவு, இரண்டு ஜன்னலைக் கழித்தால் சுமார் 395. சாதாரண எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கைக்குச் சேர்த்து 100 முதல் 120 சதுர அடி வரும். ஆக, நான்கு லிட்டர் டப்பா ஒன்று சுவர்களுக்குப் போதும். வண்டியில் வைத்துக்கொண்டு வந்த பத்து லிட்டர் பக்கெட் தேவையே இல்லை. பிரைமரும் ஏறக்குறைய இதே அளவு. பட்டி சுவர் முழுக்கப் பார்ப்பதானால் 30 முதல் 40 கிலோ. பழைய சுவர் சமமாக இருந்தால் ஓட்டை, வெடிப்புகளுக்கு மட்டும் ஐந்து கிலோ போதும்.

வண்ண அட்டையில் பார்க்கும் நிறம் சுவரில் ஒரு படி அடர்த்தியாகத் தெரியும். சின்ன டப்பா ஒன்று வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அடித்து, காலை வெளிச்சத்திலும் இரவு டியூப் லைட்டிலும் பார்த்துவிட்டு முடிவு செய்தால் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் சண்டை வராது. வராது என்பதைவிட, சீக்கிரம் முடியும்.

அடுத்தது மின்சாரம். சுவிட்ச் போர்டு மூடியைக் கழற்றுவதற்கு முன் மெயினை அணைக்க வேண்டும். ஈரச் சுவர், தண்ணீர் கலந்த பெயின்ட், அலுமினிய ஏணி, அலுமினிய ரோலர் கம்பு எல்லாம் ஒன்றாக இருக்கும் இடம் அது. சுவரில் கசிவு இருந்த வீடுகளில் போர்டுக்குள்ளும் ஈரம் இருக்கலாம். பகல் வெளிச்சத்தில் வேலை செய்தால் விளக்கே தேவைப்படாது. ஏணிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஸ்டூல் போட்டு ஏறுவதையும் இந்த வரியோடு விட்டுவிடலாம்.

பட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, தூசியைத் துடைத்து, பிரைமர் ஒரு கை. டியூப் லைட்டைச் சுவருக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் மேடு பள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும். பெயின்டர்கள் எப்போதும் செய்வது இது. பிறகு கூரை, அதன்பிறகு சுவர், கடைசியில் கதவு ஜன்னல். மேலிருந்து கீழ் என்பதை மாற்றினால் சொட்டியதைத் துடைப்பதே வேலையாகிவிடும். ஓரங்களையும் மூலைகளையும் இரண்டங்குல பிரஷ்ஷால் முதலில் அடித்துக்கொண்டு, அது காய்வதற்குள் ரோலரை ஓட்ட வேண்டும். ஓரம் காய்ந்த பிறகு ரோலர் போட்டால் சட்டம் போட்டதுபோல் கோடு தெரியும். ஒரு சுவரைத் தொட்டால் முடித்துவிட்டுத்தான் டீ.

தண்ணீர் கலக்கும் இடத்தில்தான் கை நீளும். டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்குமேல் கலந்தால் பெயின்ட் நிறைய ஆனதுபோல் இருக்கும். சுவரில் திட்டுத் திட்டாகத் தெரியும், பிறகு மூன்றாவது கை அடிக்க வேண்டிவரும். குடிக்கிற தண்ணீரையே கலப்பது நல்லது. போர் தண்ணீரில் உப்பு இருக்கும் வீட்டில் இது முக்கியம். இவ்வளவு நாள் தேய்த்து எடுத்த உப்பை மறுபடியும் நாமே சுவரில் பூச வேண்டாம். ஒரே நிறத்தில் இரண்டு டப்பா வாங்கியிருந்தால் இரண்டையும் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலக்கிக்கொண்டால் சுவருக்குச் சுவர் நிறம் மாறாது.

முதல் கைக்கும் இரண்டாவது கைக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி என்று டப்பா சொல்லும். கடலோரக் காற்றில் அதைவிடக் கூடுதலாகவே விட வேண்டும். அதிகாலைப் பனி விலகிய பிறகு, ஒன்பது பத்து மணிக்கு ஆரம்பித்து, பிற்பகல் மூன்று நான்குக்குள் ரோலரைக் கழுவிவிட்டால் இரவு ஈரம் இறங்குவதற்குள் சுவர் கெட்டிப்பட்டிருக்கும்.

எனாமல் வேலை இருக்கும் நாளில் தின்னர் டப்பா அடுப்படியிலோ சாமி விளக்குக்குப் பக்கத்திலோ இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை என்றால் விளக்கேற்றும் நேரம் யாருக்கும் டப்பா ஞாபகம் வராது. வாடை போகும்வரை இரண்டு மூன்று இரவு வேறு அறையில் படுத்துக்கொள்ளலாம், ஆஸ்துமா இருப்பவர்கள் இன்னும் சில நாள் கூடுதலாக.

பிரஷ் கழுவிய தண்ணீரையும் மிச்சப் பெயின்டையும் வாய்க்காலில் ஊற்றுவது இங்கே சர்வசாதாரணம். அந்த வாய்க்கால் போய்ச் சேருவது யாரோ ஒருவரின் நாற்றங்காலுக்கோ மீன் குட்டைக்கோதான். மிச்சத்தில் மணலைக் கொட்டிக் கிளறி, வெயிலில் கட்டியாக்கி, நகராட்சிக் குப்பை வண்டியில் தனியாகக் கொடுத்துவிடலாம்.

அதற்கு முன் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கால் லிட்டர் எடுத்துக் கெட்டியாக மூடி, மேலே நிறத்தின் எண்ணையும் அடித்த மாதத்தையும் எழுதிப் பரண்மேல் வைக்க வேண்டும். ஐப்பசியில் முதல் பெருமழை விட்ட மறுநாள் கட்டிலை நகர்த்தி, அதே மூன்று இடத்தில் பாலிதீன் தாளை மறுபடியும் ஒட்டிப் பார்த்தால் கட்டிய சரிவும் திருப்பிவிட்ட குழாயும் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துவிடும். ஏதாவது ஓரத்தில் கை அகலத்துக்குப் பொரிந்திருந்தால், பங்குனியில் அதைச் சரி செய்ய அந்தப் பாட்டில் போதும்.